கடை யார் பேரில்? துபாய், சிங்கப்பூர், மலேசியா: சொந்தத் தொழிலுக்குக் கிளம்பும் நெல்லைக்காரருக்கு

வெளிநாட்டில் வேலைக்குப் போக வழி கேட்டால் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வள்ளியூர்ப் பக்கமும் தெருவுக்குப் பத்துப் பேர் சொல்வார்கள். அங்கே போய்ச் சொந்தமாகக் கடை போட வழி கேட்டால் அதே பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்வார்கள். பெரும்பாலோர் சம்பளத்துக்கு இருந்தவர்கள். முதலாளியின் லைசென்ஸ் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது தெரியும், அதில் யார் பெயர் இருந்தது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வருமான வரி தாக்கல் செய்ய வருகிறவர்களில் வருஷத்துக்கு நாலைந்து பேராவது, "அண்ணாச்சி, கையில ஒரு அம்பது இருக்கு, ஓட்டல் போடலாம்னு இருக்கேன், துபாயா சிங்கப்பூரா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த ஐம்பது லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடையோ மளிகைக் கடையோ போட நினைக்கிற ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மென்பொருள் கம்பெனி தொடங்குகிறவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் இதைப் படித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

முதலில் வரியைப் பற்றிய பேச்சை முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். கம்பெனி லாபத்துக்குச் சிங்கப்பூரில் 17 சதவீதம், மலேசியாவில் பொதுவாக 24 சதவீதம், அமீரகத்தில் 3,75,000 திர்ஹமுக்கு மேல் உள்ள லாபத்துக்கு 9 சதவீதம். சரி, இருக்கட்டும். வரி என்பது லாபம் வந்த பிறகு வருகிற பிரச்சினை. முதல் இரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டு வருகிற யாரும் வரியால் மூடவில்லை. நான் பார்த்த காகிதங்களில் கடை கைவிட்டுப் போனதற்குக் காரணம் லைசென்ஸ் ஒருவர் பெயரில், வாடகை ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில், விசா மூன்றாவது ஒருவரின் தயவில் என்று இருந்ததுதான். ஆகவே நாட்டை ஒப்பிடும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: லைசென்ஸ், வாடகை, விசா, பாங்க் கணக்கு இந்த நாலிலும் உங்கள் பெயரைப் போட அந்த நாடு விடுமா, உங்கள் கையில் இருக்கிற பணத்துக்கு விடுமா?

சிங்கப்பூரில் கம்பெனி பதிவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. கம்பெனிப் பெயருக்கு 15 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பதிவுக்கு 300 வெள்ளி, மூலதனம் ஒரு வெள்ளி காட்டினால் போதும், நூறு சதவீதப் பங்கும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். உள்ளூரில் வசிக்கிற இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளரை நியமிக்க வேண்டும், இரண்டையும் காசு வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்து தர ஏஜென்சிகள் இருக்கின்றன. இதை வைத்துத்தான் "சிங்கப்பூர்ல கம்பெனி ஓப்பன் பண்ணிட்டேன்" என்று வாட்சப்பில் படம் போடுகிறார்கள். கம்பெனி இருக்கும். நீங்கள் அங்கே இருக்க முடியாது.

கம்பெனியின் சொந்தக்காரராக இருப்பது வேறு, அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி வாங்குவது வேறு. தொழில் முனைவோருக்கென்று என்ட்ரிபாஸ் என்று ஒன்று உண்டு, அது புதுமையான தொழில்நுட்பம், முதலீட்டாளர் ஆதரவு என்று போகிற கம்பெனிகளுக்கு; காப்பிக் கடை, உணவு அங்காடி போடுகிறவர்களுக்குக் கிடையாது என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ். அதற்கு உங்கள் கம்பெனி உங்களுக்கே மாதம் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவும் இளவயதுக்காரருக்கு, வயது ஏற ஏறத் தொகையும் ஏறி நாற்பத்தைந்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். 2023 செப்டம்பரிலிருந்து படிப்பு, சம்பளம், நிறுவனத்தில் இருக்கிற ஆட்களின் கலவை என்று பார்த்து 40 புள்ளி எடுக்க வேண்டிய முறையும் சேர்ந்துகொண்டது. ஐம்பது லட்சம் ரூபாய் என்பது அங்கே ஏறக்குறைய எழுபதாயிரம் வெள்ளி. உங்கள் சம்பளத்தை உங்களுக்கே கொடுத்தே ஒரு வருஷத்தில் அது தீர்ந்துபோகும், கடைக்கு முன்பணம் எங்கிருந்து வரும்?

அப்புறம் ஆள். பரோட்டா மாஸ்டரை ஊரிலிருந்து கூட்டிப் போவோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சேவைத் துறையில் வெளிநாட்டு ஆட்கள் மொத்தத்தில் 35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஒரு மாஸ்டருக்கு இரண்டு உள்ளூர் ஆட்களைச் சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் சமையல்காரரை எடுப்பது முன்பு முடியவே முடியாது, 2023 செப்டம்பரில் இந்திய உணவகங்களுக்கு அந்தக் கதவைத் திறந்தார்கள், அதற்கும் 2,000 வெள்ளிக்குக் குறையாத சம்பளம், மேலே அரசுக்கு லெவி என்கிற கட்டணம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசு ஹாக்கர் சென்டரில், அதாவது பொது உணவு அங்காடியில், கடை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த லைசென்ஸ் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் கடையநல்லூர்க்காரர்கள் குடியேறி வாழ்ந்ததும் சின்னச் சின்ன வியாபாரம் செய்ததும் உண்மைதான், ஆனால் அந்தக் காலத்தில் கப்பலில் இறங்கினவருக்கு இருந்த சட்டம் வேறு. தாத்தா கடை வைத்திருந்தார் என்பது இன்றைக்கு எந்த அலுவலகத்திலும் செல்லாது.

மலேசியா நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கம். மாமாக் கடையில், அதாவது அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், போய் உட்கார்ந்தால் டீ ஆற்றுகிறவர் தென்காசிப் பேச்சில் பேசுவார், விசா இல்லாமல் 30 நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாடகை சிங்கப்பூரைவிட மிகக் குறைவு. ஆனால் காகிதத்தைப் பாருங்கள். தனிநபர் வியாபாரப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. நீங்கள் செண்டிரியான் பெர்ஹாட் என்கிற தனியார் கம்பெனிதான் தொடங்க முடியும். வெளிநாட்டவர் பங்கு வைத்துச் சில்லறை வியாபாரமோ உணவகமோ செய்ய வேண்டுமென்றால் அந்த நாட்டு உள்நாட்டு வர்த்தக அமைச்சின் தனி அனுமதி வேண்டும், அதற்குச் செலுத்திய மூலதனமாகப் பத்து லட்சம் ரிங்கிட் காட்டச் சொல்வார்கள். நம் பணத்தில் இரண்டு கோடியைத் தாண்டுகிறது. ஐம்பது லட்சத்தோடு போகிறவருக்கு மலேசியாவின் முன்வாசல் சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எல்லோரும் கொல்லை வழியைத்தான் சொல்கிறார்கள். அங்கே குடியுரிமை உள்ள மாமா, மச்சான், பழைய முதலாளி யாராவது ஒருவர் பெயரில் லைசென்ஸ், நடத்துவது நாம், மாதாமாதம் பெயருக்கு ஒரு தொகை. இதற்கு மலேசியாவில் அலி பாபா ஏற்பாடு என்றே பெயர்: லைசென்ஸ் ஒருவருடையது, கடை இன்னொருவருடையது. ஆரம்பத்தில் நன்றாகத்தான் போகும். கடை ஓட ஆரம்பித்த பிறகுதான் மாமாவின் மகனுக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றும். இப்படி ஒருவர் என்னிடம் கொண்டுவந்த காகிதம் இன்னும் கண்ணில் நிற்கிறது: ஐம்பது ரூபாய் முத்திரைத்தாள், பாளையங்கோட்டையில் டைப் அடித்தது, "மேற்படி கிள்ளான் கடை முழுக்க என் சொந்தப் பணத்தில் நடப்பது, பெயர் மட்டும் மாமா அவர்களுடையது" என்று இருந்தது, கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒருவர் ஊர் டீக்கடைக்காரர். கிள்ளானில் இருக்கிற மாஜிஸ்திரேட்டிடம் அதை நீட்டினால் என்ன ஆகும்? அங்கே காகிதம் கொண்டுவந்தவர் வேலைக்கு இருந்ததற்குக்கூட ஒழுங்கான பர்மிட் கிடையாது. ஆகவே வழக்குப் போட்டால் முதலில் மாட்டுவது அவர்தான். கடை மாமாவோடு போயிற்று. உறவும் போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உறவை நம்பாதே என்று சொல்ல வரவில்லை, உறவு இல்லாமல் நம் ஊரில் எவன் கப்பலேறினான்? அந்த உறவைக் காகிதத்தில் கொண்டுவந்துவிடுங்கள் என்கிறேன். மாமா பங்குதாரராக இருக்கட்டும், உண்மையிலேயே பணம் போடட்டும், பங்கு விகிதம், லாபப் பிரிவு, பிரிந்தால் யார் யாருக்கு என்ன விலை கொடுப்பது என்று அந்த ஊர் வக்கீலை வைத்து எழுதட்டும். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நல்லது, ஐம்பது லட்சம் மிச்சம்.

தாய்லாந்தை இரண்டு பேர் வந்து கேட்டார்கள், பட்டாயாவில் இந்திய உணவுக்கு நல்ல கிராக்கி என்று. இருக்கலாம். 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி உணவு விற்பனையில் வெளிநாட்டவருக்குப் பாதிக்குக் குறைவான பங்குதான், 49 சதவீதம் என்று வையுங்கள். உங்களுக்கு ஒரு வேலை அனுமதி வேண்டுமென்றால் 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் வேண்டும். கடையின் முன்னால் நின்று விற்கிற வேலையே அந்நாட்டவருக்கென்று ஒதுக்கப்பட்டது. பினாமி வைத்தால் மூன்று வருஷம் வரை சிறை, பத்து லட்சம் பாட் வரை அபராதம், வைத்தவருக்கும் உண்டு, பெயர் கொடுத்தவருக்கும் உண்டு. காயல்பட்டினத்து ரத்தினக்கல் வியாபாரிகள் அங்கே நிற்கிறார்களே என்றால், அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சரக்கைத் தெரிந்தவர்கள், மொத்த வியாபாரம். அவர்கள்கூட அங்கே உட்கார்ந்து தாங்களே கல்லைப் பட்டை தீட்ட முடியாது, அதுவும் ஒதுக்கப்பட்ட வேலைதான்.

இலங்கை பக்கம்தான், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குக் கப்பல் போகிற தூரம், பேச்சும் நம் பேச்சு. ஆனால் சின்ன மூலதனத்தில் சில்லறைக் கடை போடுவது வெளிநாட்டவருக்கு அங்கே மூடப்பட்ட தொழில், அடகுக் கடையும் அப்படியே. நகையை வைத்துப் பணம் கொடுக்கிற யோசனையோடு யாராவது இருந்தால் இத்தோடு விட்டுவிடலாம். ஜப்பானில் இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்டு நேபாளத்துக்காரர்கள் முன்னுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். 50 லட்சம் யென்னாக இருந்த மூலதன வரம்பை 2025 அக்டோபரில் 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள், பேச்சு அத்தோடு முடிந்தது.

மிஞ்சுவது துபாய். துபாய் என்றால் ஷார்ஜா, அஜ்மானையும் சேர்த்துத்தான். பழைய ஆட்கள் இன்னும் "51 சதவீதம் அரபிக்குப் போயிரும்ல" என்பார்கள். அது 2021 ஜூனோடு பெரும்பாலான தொழில்களுக்குப் போய்விட்டது, இன்றைக்கு உணவகத்தையும் மளிகைக் கடையையும் நூற்றுக்கு நூறு உங்கள் பெயரிலேயே எடுக்கலாம். லைசென்ஸ் உங்கள் பெயரில், அதை வைத்து முதலீட்டாளர் விசா உங்கள் பெயரில், வாடகைப் பதிவு, அதாவது எஜாரி, உங்கள் கம்பெனி பெயரில், பாங்க் கணக்கில் உங்கள் கையெழுத்து. நான் கேட்கிற நாலு காகிதமும் ஐம்பது லட்சத்துக்குள் ஒரே ஆள் பெயரில் கிடைக்கிற இடம் இந்த ஒப்பீட்டில் இது ஒன்றுதான். குடும்பத்தைக் கூட்டிப்போகிற விஷயத்திலும் அப்படியே. சிங்கப்பூரில் 6,000 வெள்ளி சம்பளம் காட்டினால்தான் மனைவி மக்களுக்கு அனுமதி, அமீரகத்தில் 4,000 திர்ஹம் காட்டினால் பேசலாம்.

அதனால் துபாய் சுகம் என்று அர்த்தமில்லை. பேஸ்புக்கில் குறைந்த விலைக்கு லைசென்ஸ் என்று வருகிற விளம்பரங்களில் பாதிக்கு மேல் ஃப்ரீசோன் லைசென்ஸ், அதாவது தனி வர்த்தக வளாகத்துக்கென்று கொடுக்கிறது. அதை மட்டும் வைத்துத் துபாய்க் கராமாவில் கடை திறக்க முடியாது, ஊருக்குள் கடை போட மெயின்லேண்ட் லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பம் நிரப்பித் தருகிற டைப்பிங் சென்டரில் இருக்கிறவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால்தான் சொல்வார்.

வாடகைதான் அங்கே ஆளை முடிக்கிற இடம். மாத வாடகை என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. வருஷத்துக்கு நாலு செக், நல்ல இடமென்றால் இரண்டே செக், முன்தேதியிட்டு முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பழைய கடையை வாங்கினால் மேலே கீ மணி, அதாவது முன்பு கடை வைத்திருந்தவருக்குக் கொடுக்கிற கைமாற்றுத் தொகை. 2022 தொடக்கத்திலிருந்து பணமில்லாமல் திரும்புகிற செக்குக்கு நேராகச் சிறை என்பது போய்விட்டது, ஆனால் செக்கை வைத்திருக்கிறவர் வழக்கு விசாரணை இல்லாமலே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம், பயணத் தடையும் வரலாம். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும், கடையில் ஈயாடும், செக் தேதிக்கு அது தெரியாது. ஆகவே செக் தேதிகளைப் பேசும்போதே செப்டம்பர் முதல் வாரத்தில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். துபாய் தேராவில் மூலைக் கடை, இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம், நம் ஆட்கள் தங்கியிருக்கிற கட்டடங்கள் சுற்றிலும். முதல் செக்கைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் முனிசிபாலிட்டிக்கு வரைபடம் போட வந்த ஆள் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எக்ஸாஸ்ட் டக்ட் எங்கே போகுது?" என்று கேட்டிருக்கிறார். சமையல் புகையை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். ஆறு மாடிக் கட்டடம், பின்சுவரில் குழாய் ஏற்ற உரிமையாளர் சம்மதிக்கவில்லை, ஜன்னலோரம் புகை வரும் என்று மேலே குடியிருப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அடுப்பே பற்ற வைக்காமல் மூன்று மாத வாடகை போனது. கடைசியில் டீ, ஜூஸ், சாண்ட்விச் என்று கஃப்டீரியாவாக மாற்றி நடத்துகிறார், நஷ்டமில்லை, ஆனால் அவர் போட நினைத்தது பிரியாணிக் கடை. கடை பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் டக்ட்டைக் கேளுங்கள். முன்பு அங்கே உணவகம் ஓடின கடையா, எதனால் மூடினான், கழிவுநீர்க் குழாயில் எண்ணெய் பிடிக்கிற தொட்டி இருக்கிறதா என்று அடுத்த கேள்விகள்.

அமீரகத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் குடியுரிமைக் கனவு வேண்டாம், லைசென்ஸ் புதுப்பிக்கிற வரைதான் விசா. சிங்கப்பூரில் கஷ்டப்பட்டு நுழைந்தவர் ஒருநாள் நிரந்தரவாசி ஆகலாம் என்ற நம்பிக்கையாவது வைத்திருக்கலாம். பிள்ளைகளின் படிப்பை அங்கேயே முடிக்க நினைக்கிறவருக்கு இது பெரிய விஷயம்தான், ஐம்பது லட்சக்காரர் கணக்கில் அதைச் சேர்க்க முடியவில்லை.

இனி நம் பக்கத்துக் காகிதம். இதை யாரும் கேட்பதே இல்லை, பணம் போன பிறகுதான் வருகிறார்கள். இங்கே குடியிருக்கிறவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், ஐம்பது லட்சத்துக்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். 50 லட்சம் அனுப்பினால் 8 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அது ரிட்டர்னில் கழிந்தோ திரும்பியோ வரும், ஆனால் கடை திறக்கிற அன்று உங்கள் கையில் இருக்காது. வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவதற்கு 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் உண்டு. பாங்க் மூலம் முதலீட்டைத் தெரிவிக்கிற எஃப்சி படிவம், பங்குச் சான்று, வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை, ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. இந்த 8 லட்சத்துக்குப் பயந்து உண்டியலில், அதாவது ஹவாலாவில், பணம் அனுப்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. போகும்போது சுலபமாகப் போய்விடும். கடையை விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது, இது எங்கிருந்து வந்தது என்று பாங்க்கில் கேட்பார்கள், அப்போது காட்டக் காகிதம் இருக்காது.

இதில் ஏற்கெனவே அங்கே வேலையில் இருக்கிறவருக்குத்தான் பெரிய அனுகூலம். வெளிநாட்டுவாசியாக இருக்கும்போது அங்கேயே சம்பாதித்த பணத்தில் கடை போட்டால் மேலே சொன்ன அனுப்பீட்டு வரம்பும் இல்லை, 20 சதவீதமும் இல்லை, பின்னால் ஊர் திரும்பினாலும் அந்தச் சொத்தை அவர் தொடர்ந்து வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் ஊரிலிருந்து பணத்தோடு புதிதாகக் கிளம்புகிற ஆளைவிட, நாலு வருஷம் கராமாவில் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆளுக்கே நான் தைரியம் சொல்வேன். எந்த சப்ளையர் கடன் கொடுப்பான், எந்த மாஸ்டர் ரம்ஜானுக்கு முன்னால் கம்பி நீட்டுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஊரிலேயே இருக்கிற ஆளுக்கு நான் முதலில் சொல்வது வேறு வழி. கடையை அங்கே போடாமல் சரக்கை மட்டும் அனுப்புவது. கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடிக் கருப்பட்டி, முருங்கை இலைப் பொடி, இட்லிப் பொடி, வற்றல் எல்லாமே தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரத் தூரத்தில் கிடைக்கிறது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய லைசென்ஸ் வேண்டும். 2022 மே முதல் அமீரகத்தோடு வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் பல பொருள்களுக்கு அங்கே சுங்கவரி குறைந்திருக்கிறது. இதில் விசா இல்லை, டக்ட் இல்லை, மாமா இல்லை. தொல்லை வேறு விதம்: லேபிளில் அரபி வேண்டும், அங்கே பதிவு பெற்ற இறக்குமதியாளர் ஒருவர் வேண்டும், அவர் 60 நாள், 90 நாள் கடன் கேட்பார். அல்வாவை அனுப்பலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள், நெய் சேர்ந்த பண்டத்துக்குக் கூடுதல் சான்றிதழ் கேட்கிற நாடுகள் உண்டு, கப்பலில் போய்ச் சேருவதற்குள் மணம் மாறிவிடும் என்ற பயமும் உண்டு. அப்பளத்தில் ஆரம்பிப்பது மேல்.

மூன்று கன்டெய்னர் போய்ப் பணமும் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டால், அந்த இறக்குமதியாளர் எப்படிப்பட்ட ஆள், எந்தக் கடையில் நம் சரக்கு ஓடுகிறது, எந்தத் தெருவில் வாடகை எவ்வளவு என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் துபாயில் கடை போட ஆசை இருந்தால் வாருங்கள், செக் தேதிகளை உட்கார்ந்து பேசுவோம்.